ஆங்கில வகுப்புக்குக் கோப்பி ஊற்றியவள்

கோப்பி ஊற்றுகிற வேலைக்குக் கை போதும், வாய் தேவையில்லை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பாஷை தெரியாத நாட்டில் வாய் திறக்கப் பயந்து பயந்து வேலைக்குப் போனவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜேர்மனியில், எசன் நகரத்தில், பெரியவர்கள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம் அது. காலையில் ஜேர்மன்காரர் ஆங்கிலம் படிக்க வருவார்கள். இடைவேளையில் நான் கோப்பி கொடுப்பேன். அந்த நேரம் என் மகளை மேல்வீட்டு இராணி அக்கா பார்த்துக்கொண்டா. அக்கா ஹம்பேர்க்குக்கு மாறிப் போகப்போகிறா என்று தெரியவந்தது. மகளுக்குக் கிண்டர்கார்டனில் இடம் எடுக்காவிட்டால் நான் வேலையை விடவேண்டும். என் மனுசனுக்கும் காலையில்தான் வேலை. போய்க் கதைக்கவேண்டியது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், டொச்சில், அதாவது ஜேர்மன் பாஷையில்.

நாக்கை நீட்டுகிற பாடம்

ஒருநாள் வகுப்புக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால், நரைத்த தலைகள் எல்லாம் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊதுகின்றன. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறதாம். இவர்களுக்கு அது எப்படி முயன்றாலும் 'ஸ' என்றுதான் வரும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஹெர் பிராண்ட் வியர்த்துப்போய் கோப்பிக்கு வந்தார். அவர் சொன்னது: "சின்னனில நாக்கை நீட்டினதுக்கு அப்பா அடிச்சார். இப்ப நீட்டேல்லை எண்டு ரீச்சர் ஏசுறா."

உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்

ஆங்கிலத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாமாம், நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் இல்லையாம். வகுப்புக்குள்ளே ஹெர் பிராண்ட் வெறும் ஹெல்முட். பக்கத்துக் கதிரையில் இருக்கிற தையற்கடைக்கார ஃபிராவ் லிண்டர் வெறும் 'இங்கே', அதுதான் அவவின் பெயர். வாசலைத் தாண்டி என் மேசைக்கு வந்தால் போதும், திரும்பவும் ஹெர், ஃபிராவ் என்று ஐயா, அம்மா மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு இது விளங்கியது. நானும் வீட்டில் என் மனுசனுடைய பெயரைச் சொல்வதில்லை, "இஞ்சாருங்கோ" தான்.

ஒருநாள் ஹெர் பிராண்ட் என் மேசையடியில் மறந்துபோய், "இங்கே, சீனி வேணுமோ?" என்று டொச்சில் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார். ஃபிராவ் லிண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கு அதைவிடச் சிவந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மன்னியுங்கோ, நான் இன்னும் ஆங்கிலத்துக்குள்ளதான் நிக்கிறன்."

என்னோடு மட்டும்

நான் இலங்கை என்றதும் எனக்கு ஆங்கிலம் தண்ணி மாதிரி ஓடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபிராவ் லிண்டர் ஒவ்வொரு நாளும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் கோப்பி கேட்பா. கேட்பதற்கு முன்னம், வசனம் முழுவதையும் அவ மனதுக்குள் கட்டி முடிக்கவேண்டும். பிழை இல்லை என்று தெரிந்தால்தான் வெளியே விடுவா. பின்னால் வரிசை நீளும். நான் அவ காட்டுகிற விரலைப் பார்த்து ஊற்றிவிடுவேன்.

ஏமாற்றுகிற மாதிரி இருந்ததால், ஒருநாள் மெதுவாக எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவ என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னது: "அது எனக்கு எப்பவோ தெரியும். நீங்கள் திருத்தமாட்டீங்கள் எண்டுதானே உங்களோட கதைக்கிறன்."

பிழை விடப் பயப்படுகிற என்னுடைய வருத்தம் இவர்களுக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

தெர்மின்

கிண்டர்கார்டனில் சந்திக்க ஒரு தெர்மின், குறித்த நாளும் நேரமும், தந்திருந்தார்கள். டொச்சில் சொல்லவேண்டியதை ட்ராமில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பொறுப்பாளர் உயரமான பெண். எழும்பிக் கை தந்தா, தொண்டையைச் செருமினா, தொடங்கினா. ஆங்கிலத்தில். பாதி வசனத்தில் நின்றுவிட்டது. கண் யன்னலுக்குப் போனது, முகம் சிவந்தது, நாக்கு பல்லைத் தேடியது. நான் ஒவ்வொரு நாளும் என் மேசைக்கு முன்னால் காண்கிற அதே முகம்.

வசனத்தைக் கட்டி முடிக்க நான் காத்திருக்கவில்லை. வந்தபடி டொச்சில் சொன்னேன், எனக்கு ஆங்கிலம் தெரியாது, டொச்சும் பிழையாகத்தான் வரும், ஆனால் டொச்சிலேயே கதையுங்கோ என்று.

அந்த அம்மா அப்படியே கதிரையில் விழுந்து சிரித்தா. பிறகு எனக்குத் தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தந்தா. மகள் அதற்குள் மரக்குதிரையில் ஏறிவிட்டாள். வாற திங்கட்கிழமையே கொண்டுவந்து விடலாம் என்றா. வாசல்வரை வந்து சொன்னது: "கடவுளுக்கு நன்றி. உங்களோட ஆங்கிலம் கதைக்கவேணுமே எண்டு ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை."

எங்கள் நாட்டை அவ்வளவு காலம் ஆண்ட இங்கிலீஸ்காரரால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, அவர்களுடைய பாஷையை நான் படிக்காமல் விட்டதால் வந்ததுதான்.