டிக்கிக்குள் ஒரு முழுப் பாட்டு

பாட்டுக்கு வாங்கிய வூஃபர் பெட்டியை கார் டிக்கியில் எங்கே வைப்பது என்று அன்று காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சீட்டை ஒட்டி வைத்தால் பேஸ் அமுங்கிப்போனது. பின்னால் தள்ளி, வாயை நம்பர் பிளேட் பக்கம் திருப்பினால் நெஞ்சில் இடித்தது. ஆனால் கூடவே எங்கேயோ ஒரு தகரம் கடகடவென்று ஆடியது. மறுநாள் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டாளிகளோடு கிளம்ப வேண்டும். அந்தக் கடகடப்போடு போனால் மானம் போய்விடும்.

அக்கா வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. அவர் கம்பத்தில் ஜீப் மெக்கானிக். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர்கள் அவர் காதை நம்பித்தான் வந்தார்கள். பானெட்டைத் திறக்காமலே, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நான் இந்தப் பழைய காரை வாங்கி வந்த அன்று, வீடு நிறைய ஆள் இருக்க, ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிருச்சு. நல்லா ஏமாந்துட்ட மாப்ள" என்றார். என் அப்பாவே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

வந்தார். ஒல்லி ஆள். டிக்கிக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தார். மூடினால்தான் எது ஆடுகிறது என்று கை வைத்துப் பார்க்க முடியும் என்றார்.

"சத்தத்தைக் கொஞ்சமா வையி மாப்ள. நான் தட்டுனா நிப்பாட்டிரு."

மூடினேன். முழுசாக வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். கடகடப்பு கூடிவிட்டதே என்றான் பக்கத்தில் நின்ற கூட்டாளி ஒருவன். ஆமாம் என்றேன். கை தட்டுவதற்கும் தகரம் ஆடுவதற்கும் வித்தியாசம் தெரியாத மடையன் இல்லை நான். நன்றாகக் கேட்டது, சந்தோஷமாகவும் இருந்தது. பாட்டு முடிகிறவரை நிறுத்தவில்லை.

திறந்தபோது அவர் முகமெல்லாம் வேர்வை. எழுந்து உட்கார்ந்து, "இடது பக்க லைட்டுக்குப் பின்னாடி ஒரு திருகு லூசு. பெட்டியை அரைச் சாண் முன்னாடி தள்ளிக்க" என்றார். சரி மச்சான் என்றேன். என்ன என்றார். மறுபடியும் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன இடத்தில்தான் திருகு இருந்தது. முறுக்கினேன், பெட்டியைத் தள்ளினேன். வீரபாண்டியில் எல்லோரும் எங்கள் காரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சானுக்குக் காது நரம்பு போய்விட்டது என்றார் தேனி டாக்டர். ஒரு காது அடியோடு போனது, மற்றதில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஜீப்புகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போயின. "நான் தட்டுனது உனக்குக் கேட்டுருக்காது மாப்ள. அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்போதும் எப்போதாவது ஒரு ஜீப் வந்தால், அக்காவை விட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்கிறார். நான் பட்டறைக்குப் போனதும் எஞ்சினை ஓடவிட்டு, "நீ கேட்டுச் சொல்லு மாப்ள" என்று என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு ஒரு எழவும் புரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். அவர் அதை நம்பி ஸ்பேனரை எடுக்கிறார்.