அரசி அக்காவின் ஒன்று புள்ளி எட்டு

சுவாமிமலையில் முகூர்த்தம். பெண் மேடைக்கு வரும் நேரம் நெருங்கிவிட்டது. அரசி அக்காவைக் காணோம். அவருடைய எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், யார் பேசுவது என்றுகூடக் கேட்காமல், "எங்கக்கா இருக்கீங்க? ஒரு நாளாவது நேரத்துக்கு வருவீங்களா?" என்று கத்தினேன். எடுத்தது அவருடைய கணவர். "அரசி காலையில எந்திரிக்கலம்மா" என்றார். திட்டுவதற்கு வைத்திருந்த மீதி வார்த்தைகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

பாபநாசத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினோம். பெண்களே வந்து படம் எடுக்கிறார்கள் என்பதால் கல்யாண வீடுகளில் எங்களைத் தேடிக் கூப்பிட்டார்கள். கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸை வைத்தே வெகுநாள் ஓட்டினோம். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அது திணறும். பிறகு அக்கா ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ் வாங்கினார். அதன் துவாரம் ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கும். எண் சிறியதானால் துவாரம் பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். முதல் படத்திலேயே மணப்பெண்ணின் முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னால் இருந்த சீரியல் விளக்கெல்லாம் கரைந்து போயிருந்தது. "பின்னாடி கரையணும்டி, அப்பத்தான் பொண்ணு ஜொலிப்பா" என்றார். அன்றோடு சரி. அந்த எண்ணை விட்டு அவர் இறங்கவே இல்லை.

ஒருமுறை வயல் வரப்பில், உச்சி வெயிலில் ஒரு ஜோடியை நிறுத்தினார். அங்கேயும் அதே ஒன்று புள்ளி எட்டு. ஷட்டரை அதன் கடைசி வேகம் வரை கொண்டுபோயும் வெளிச்சம் அடங்கவில்லை. மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போனது. "துவாரத்தைச் சுருக்குங்கக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வெயில் ஓவர்டி. நான் என்ன செய்ய?" என்றார்.

பூம்புகார்ப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துக் கல்யாணத்தில்தான் விஷயம் பெரிதானது. பெண்ணின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். இரண்டொரு நாளில் திரும்ப வேண்டும். படகின் முன்னால் மொத்தக் குடும்பமும் மூன்று வரிசையாக நின்றது. "துவாரத்தை எட்டுக்குச் சுருக்குங்கக்கா, இல்லன்னா பின் வரிசை மங்கிடும்" என்றேன். "நீ உன் வேலையப் பாரு" என்றார். மறுநாள் மணப்பெண் போன் செய்தாள். "அக்கா, முன்னாடி இருக்கற பிள்ளைங்கெல்லாம் நல்லா இருக்கு. அப்பா மூஞ்சிதான் தெரியல. அண்ணன் நாளைக்கு ராத்திரி கிளம்புது."

அக்கா என்னோடு சண்டை போட்டார். போகஸ் சரி என்றார், காற்று என்றார், பெண்ணின் அப்பா அசைந்துவிட்டார் என்றார். நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் கேமரா பையோடு நின்றார். "கிளம்புடி." பஸ் மாறிப் போனோம். அங்கே போய் வீடு வீடாகக் கூப்பிட்டு, பெண்ணைத் திரும்பவும் கூறைப்புடவை கட்டச் சொல்லி, எல்லோரையும் அதே படகின் முன் நிறுத்தினார். துவாரத்தை எட்டுக்குக் கொண்டுவந்தார். பெண்ணின் அப்பாவிடம் போய், "நிமிந்து நில்லுங்கப்பா, இது உங்களுக்காகத்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்" என்றார். அந்தப் படத்தில் கடைசி வரிசை வரை எல்லா முகமும் தெளிவாக இருந்தது.

போன மாதம் ஒரு மண்டபத்தில் பையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "வாயுடி. சுக்குத் தண்ணி குடிச்சா போயிடும்." அடுத்த வாரமும் கேட்டேன். "இந்த முகூர்த்தமெல்லாம் முடியட்டும்" என்றார். கணவர் சொல்லியும் கேட்கவில்லை. அன்று எட்டு என்று சொன்னதுபோல, இதற்கு எந்த எண்ணைச் சொல்லி நான் அவரை மாற்றியிருக்க முடியும்?

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுஷி" என்றார்கள். அவரோடு வேலை பார்த்த எனக்குத் தெரியும், அது பாதிதான். மன்னிப்புக் கேட்க வராது. ஆனால் ஒரு தகப்பனின் முகத்துக்காகப் பஸ் மாறிப் போவார். அந்தப் பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். சுக்குத் தண்ணி குடித்த பிடிவாதத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அக்கா.