கோப்பில் வரியில்லாத இடம்

தில்லை நகரில் மரபணுப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மெஷின் ஒருவருடைய மரபணுவில் ஒவ்வோர் இடத்தையும் எத்தனை முறை படித்தது என்ற எண்ணிக்கை, சுருக்கி வைத்த பெரிய கோப்பு ஒன்றில் இருக்கும். முழுவதையும் விரிக்காமல், டாக்டர் கேட்கும் இடங்களுக்கு மட்டும் எண்ணிக்கையை எடுத்துத் தர ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எண்ணிக்கை குறைவாக இருந்தால், அந்த இடத்தின் முடிவை நம்ப முடியாது என்று அது எச்சரிக்கும். எல்லோரும் அதை நம்பினார்கள். நானும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை பன்னிரண்டு இடங்களைக் கேட்டேன். பதினோரு வரிதான் வந்தது. விட்டுப்போனதைத் தேடியபோதுதான் புரிந்தது. ஒருமுறைகூடப் படிக்கப்படாத இடத்துக்குக் கோப்பில் வரியே கிடையாது, பூஜ்யம்கூட இருக்காது. வரி இல்லாததால் என் ஸ்கிரிப்ட் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது.

பழைய கோப்புகளையெல்லாம் மறுபடி ஓட்டினேன். ஒரே ஒருவருடைய ரிப்போர்ட் தவறியிருந்தது. உப்பிலியபுரத்திலிருந்து வந்த பெண். அவருடைய தம்பி தசைகள் வலுவிழக்கும் நோயில் இளவயதிலேயே இறந்துபோனவர். அந்தக் குறை தன் வழியாகப் பிள்ளைக்குப் போகுமா என்று தெரிந்த பிறகே குழந்தை என்று இருந்தார். தம்பிக்குக் குறை இருந்த அதே இடம்தான் அவர் கோப்பில் படிக்கப்படாமல் கிடந்தது. 'குறை இல்லை' என்று நாங்கள் ரிப்போர்ட் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஸ்கிரிப்டை மட்டும் திருத்திவிட்டு, மூன்று நாள் ஒன்றும் நடக்காதது போல ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வீட்டுக்கும் லேபுக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒருமுறை நினைக்கவும் செய்தேன். நான்காம் நாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மூணு நாளா உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஓர் இடம் தெளிவாக இல்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு வரச் சொன்னார். கணவரோடு வந்தார். ஐந்து மாதக் கர்ப்பம். இரத்தம் எடுக்கும் அறையில் அவர் கையை நீட்டியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த ஒரு இடத்தை வேறு முறையில் சோதித்தோம். முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. குறை இல்லை. அது அதிர்ஷ்டம், என் வேலையின் பலன் இல்லை.

ரிப்போர்ட் வாங்க வந்த அந்தப் பெண், கம்ப்யூட்டரில் பார்த்தது நான்தான் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்தார்.

"ஒருதடவை இல்லன்னு சொன்னப்புறமும் விடாம திரும்பப் பாத்திருக்கீங்க. யாருங்க இவ்வளவு செய்வாங்க?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "உடம்பப் பாத்துக்குங்க" என்றேன்.

குழந்தை பிறந்ததும் லேபுக்கு ஸ்வீட் வந்தது. டப்பாவை நீட்டியவரிடம், எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை எதுவும் இல்லை.