சாப்புக்குத் தைத்த சட்டைகள்

நடிகரின் இடுப்பளவை உரக்கச் சொல்லாதவன்தான் சினிமாவில் நல்ல தையல்காரன். பெரிய மனிதர்களுக்குத் தைத்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு இது புரியும். எண்பதுகளில் எனக்குத் தாராவியில் தையல் கடை. செம்பூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், என் வாப்பா காலத்திலிருந்தே கதாநாயகனாக இருந்த ஓர் இந்தி நடிகருக்கு உடுப்புத் தைத்தேன். எல்லோருக்கும் அவர் ‘சாப்’.

மழைக்கால டேப்

சாப்புக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. படத்தில் கல்லூரி மாணவன். வேலைக்குச் சேர்ந்த புதிது, இடுப்பை அளந்ததும் "நாற்பது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மேக்கப்காரரின் கை அந்தரத்தில் நின்றது. தயாரிப்பாளர் கூரையைப் பார்த்தார். இன்றோடு நம் பிழைப்புப் போயிற்று என்று நினைத்தேன். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சாப் இந்தியில் சொன்னார்: "மழைக்காலத்துல டேப் சுருங்கிடும் மாஸ்டர்ஜி. நாளைக்கு வேற டேப் கொண்டு வாங்க."

கல்யாணச் சட்டை

சாப்பின் சட்டை என் கைவேலை என்று தெரிந்ததும் தாராவியில் எனக்கு மவுசு. பெருநாளோ தீபாவளியோ, எல்லோருக்கும் அதே பெரிய காலர், அதே சிவப்பு வேண்டும். தோல் பட்டறையில் வேலை பார்த்த சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கல்யாணத்துக்குக் கேட்டான். மிச்சமிருந்த அதே துணியில் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பினான். முகம் வாடிப்போயிற்று.

"சட்டைல ஒரு கொறையும் இல்ல பாய். உள்ள நிக்குத ஆளுதான் சரியில்ல."

வெள்ளை ஜிப்பா

பிறகு சாப்பின் படங்கள் வரிசையாகப் படுத்தன. ஒருநாள் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளை ஜிப்பாவும் சால்வையும் வேண்டும் என்றார். சாப்புக்கு இனி கதாநாயகனின் அப்பா வேஷம். தைத்ததை மேக்கப் அறைக்குள் கொண்டுபோக யாரும் முன்வரவில்லை. நானே போனேன்.

சாப் சால்வையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு எழுந்து, அளவெடுக்கத் தோதாகக் கைகளைத் தூக்கி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் தொளதொளன்னு தைங்க மாஸ்டர்ஜி. இத்தனை வருஷம் வயித்தை எக்கிக்கிட்டே நடிச்சேன். இனிமே மூச்சு விட்டுக்கறேன்."

ஒரு விண்ணப்பம்

நாலைந்து அப்பா வேஷங்கள் ஆன பிறகு, தமிழர் குடிசைகள் நிறைந்த சீத்தா கேம்ப் அருகே வெளிப்புறப் படப்பிடிப்பு. கூட்டம் சாப்பைத் தாண்டி இளம் கதாநாயகனை நோக்கி ஓடியது. ஒரு காலத்தில் போலீஸ் வளையத்துக்குள் நடந்த மனிதர் நாற்காலியில் தனியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான், பொத்தான் தைத்தபடி.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள். இந்தி வரவில்லை, நான் தமிழ் ஆள் என்று எப்படியோ கண்டுகொண்டு என்னிடம் சொன்னாள். ஒரு சொல் விடாமல் அவருக்கு இந்தியில் சொன்னேன். சாப் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எல்லாப் படத்துலயும் இவர சாவடிச்சிருதாங்க பாய். நாங்க வீட்டுக்குப் போயி சோறு திங்க வேண்டாமா? இதுலயாவது பொழைக்கச் சொல்லுங்க."

அந்தப் படத்திலும் அவர் செத்தார். ஜிப்பாவிலிருந்த சாய ரத்தத்தைத் துவைத்து, அடுத்த சாவுக்கு மடித்து வைத்த பாவம் மட்டும் என்னுடையது.