கடைக்காரரின் கால் அளவில் என் வண்டி

இன்று காலை செங்கல்பட்டு பைக் கடையில் நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நெடுந்தூரம் ஓட்டினால் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ள, வண்டியின் முன்புறக் காப்புக் கம்பியான கிராஷ் கார்டில் ஹைவே ஃபுட்பெக் என்கிற கால்தாங்கியை மாட்டச் சொன்னேன்.

கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வர்லியா? கால் அளவு பாக்கணுமே."

"ஓட்டறது நான்தாண்ணா."

"அப்டியா?" என்றவர், தானே வண்டியில் ஏறி உட்கார்ந்து, தன் கால் நீளத்துக்கு மாட்டி முடுக்கிவிட்டார்.

எனக்கு நுனிவிரல்தான் எட்டியது. சொன்னேன்.

"ஓட்ட ஓட்ட பழகிடும்மா" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நெம்மேலி அருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. நீட்டியிருந்த கால் பின் பிரேக் மிதிக்குத் திரும்புவதற்குள் கையால் முன் பிரேக்கை இறுக்கினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நாயின் வாலருகே நின்றது.

ஓரமாக நிறுத்தி, டூல் பையில் இருந்த ஆலன் கீயால் பெக்கைத் தளர்த்தி, பின்னுக்கு இழுத்து, பாதம் முழுசாகப் படியும்படி நானே முடுக்கினேன். அவ்வளவுதான் வேலை!

ஆத்திரம் தாங்காமல் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"பெக்கு கரீக்டாதான் கீதும்மா. உன் காலுதான் குட்டை."

நீளமான கால் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.