முட்டை லாரியின் முடுக்கம்

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டுகிறேன். நான் எண்பதில் போனதால்தான் முட்டை உடைந்தது என்று, பொறியியல் படித்த மேனேஜர் என்னை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார்.

"எம்பதுலயே சீராப் போனா ஒண்ணும் ஆகாதுங்க. வேகம் சட்டுனு மாறுனாத்தான் உடையும்," என்றேன், தரையைப் பார்த்தபடி.

"எனக்கே முடுக்கம் சொல்லித் தரீங்களா? நாப்பதுல ஓட்டிக் காட்டறேன்," என்றார்.

புதுச்சத்திரத்தில் டீக்கடையைக் கண்டதும் இரண்டே நொடியில் நிறுத்தினார். பின்னால் மஞ்சள் கரு ஒழுகியது.

"நாப்பது ரெண்டு செகண்டுல சைபருங்க, செகண்டுக்கு இருபது. அதே நாப்பதுக்கு நான் இருபது செகண்டு எடுத்துக்குவனுங்க, செகண்டுக்கு ரெண்டுதான்," என்றேன்.

வேலை தப்பியது. குற்றம் கோழிகள் மேல் போனது: ஓடு மெல்லியதாம்.

முட்டை லோடு இல்லாத புரட்டாசியில், இரண்டாம் சனிக்கிழமை எழுதியது.