பொதுச் சந்தில் நான் போட்ட கேட்

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீட்டை எனக்கும் தங்கைக்கும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் இருந்த சந்து இருவருக்கும் பொது வழி. இருவருமே அறைகளை வாடகைக்கு விட்டோம். அவளுடைய அறைகள் கார்த்திகையிலிருந்து மாசி வரை காலியாகவே இருக்காது. போன வருஷம் வந்த வெள்ளைக்காரர்கள் அவளைத் தேடி இந்த வருஷமும் வருவார்கள். என் மாடியில் துணிதான் காய்ந்தது.

ஒருநாள் சந்தின் வாயில் இரும்பு கேட் போட்டுப் பூட்டினேன். திருட்டு பயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். தங்கை சண்டைக்கு வரவில்லை. முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள். கேட்டையும் தூண்களையும் எடுக்கச் சொல்லித் தீர்ப்பானது.

அன்றைக்கே என் வக்கீலம்மாவிடம் அப்பீல் போடச் சொன்னேன். முப்பது நாளுக்குள் சப் கோர்ட்டில் போட வேண்டும், தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்றார். அப்பீல் போட்டுவிட்டாலே கேட் தப்பிவிடாது, அதற்குத் தடையுத்தரவு கேட்டுத் தனி மனு வேண்டும் என்றும் சொன்னார். நான் புது சாட்சிகளைக் கூட்டிவருவதாகச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"அப்பீல்ல கேஸை முதல்லேர்ந்து நடத்த மாட்டாங்கம்மா. கீழ்க் கோர்ட்டுல பதிவானதை வச்சு, தீர்ப்பு சரியா தப்பானு பார்ப்பாங்க. நீங்க சொன்ன சாட்சியத்தை ஒருதரம் படிச்சுப் பாருங்க."

அவர் கொடுத்த நகலைப் பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். குறுக்கு விசாரணையில், எத்தனை முறை திருடு போனது என்று கேட்டிருந்தார்கள். ஒருமுறையும் இல்லை என்று சொல்லியிருந்தேன். பிறகு எதற்கு கேட் என்ற கேள்விக்கு, 'எல்லாரும் அவ வீட்டுக்குத்தான் போறாங்க' என்பது என் பதில். கூண்டில் நின்றபோது அதைச் சொன்னதே எனக்கு நினைவில்லை. டைப் அடித்து, கீழே என் கையெழுத்தோடு இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று தாளை மடித்தேன்.

அப்படியும் அப்பீல் போட்டேன். தடையுத்தரவு கிடைத்தது. கேட் ஒன்றரை வருஷம் நின்றது. அவளுடைய விருந்தாளிகள் பின்பக்கமாகச் சுற்றிப் போனார்கள். ஆனாலும் அவளிடம்தான் போனார்கள்.

சப் கோர்ட் நீதிபதி கேட்டை எடுக்கச் சொன்னதை உறுதி செய்தார். தூண்கள் என் இடத்துக்குள் இருந்ததால் அவற்றை மட்டும் விட்டுவைத்தார். அடுத்து ஹைகோர்ட்தானே என்றேன். அங்கே இரண்டாவது அப்பீல் போக முக்கியமான சட்டப் பிரச்சனை ஏதாவது இருக்க வேண்டும், கேட் எதற்குப் போட்டோம் என்றெல்லாம் திரும்ப அலச மாட்டார்கள் என்றார் வக்கீலம்மா. நம் கேஸ் கட்டில் அப்படி எதுவும் இல்லை என்று பேச்சை முடித்தார்.

வெல்டிங்காரரை நானே கூப்பிட்டு கேட்டைக் கழற்றினேன். தங்கை இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதக்கா. உன் மாடிப்படிக்கு வச்சுக்கோ, சரியா இருக்கும்."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவள் ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இத்தனைக்குப் பிறகும் என்னிடம் இப்படிப் பேச அவளுக்கு வருகிறதே, அதுதான் தாங்கவில்லை. டீயை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை கம்மி என்று சொன்னேன்.